கனி நானாவுக்கு நான் போட்ட கையெழுத்து

பன்னிரண்டு மணி அடிக்க இன்னும் கால் மணி நேரம்தான் இருந்தது.

பாடாங் திடலின் ஓரத்தில் ஓர் அங்சானா மரத்தடியில் நின்றுகொண்டிருந்தேன். தோளிலும் தலைப்பாகையிலும் மஞ்சள் பூ உதிர்ந்துகொண்டே இருந்தது. தட்டிவிடக்கூட எனக்குத் தோன்றவில்லை.

எதிரே டவுன்ஹால். கீழ்த்தளத்தில் ஓர் அறையின் ஜன்னல்கள் திடலைப் பார்க்கத் திறந்து கிடந்தன. உள்ளே ஒரு மேஜை. மேஜைக்குப் பின்னால் ஒரு வெள்ளைக்கார அதிகாரி. மேஜைமேல் ஒரு காகிதம்.

முனிசிபல் சபைத் தேர்தலுக்கு மருந்துக்கடை கனி நானா நிற்கிறார் என்று சொல்லும் காகிதம் அது. அவர் பெயரை முன்மொழிந்து கப்பல் டிக்கெட்டு விற்கும் மரைக்காயர் காலையிலேயே கையெழுத்துப் போட்டாயிற்று. வழிமொழிகிறவர் கையெழுத்துக்கு ஓர் இடம் காலியாக இருந்தது. அந்த இடம் என்னுடையது.

பன்னிரண்டுக்குள் நான் போகாவிட்டால் அந்தக் காகிதம் செல்லாது. எதிராளி போட்டியில்லாமலே ஜெயித்துவிடுவார்.

பதினொன்றேகாலிலிருந்து அந்த மரத்தடியிலேயே நிற்கிறேன். முப்பத்திரண்டு வயது. பன்னிரண்டு மாட்டு வண்டிக்குச் சொந்தக்காரன். கல்லுமலைச் சரிவில் பாரத்தோடு இறங்கும் வண்டிக்கு ஓடிப்போய்ச் சக்கரத்தடியில் கட்டை போடுகிறவன். அப்பேர்ப்பட்டவனுக்கு அன்று ஒரு சாலையைக் கடக்கக் கால் வரவில்லை.

ஓட்டு என்று ஒன்று இருந்தது

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்திவிட்டு ஒரு விஷயம் சொல்ல வேண்டும்.

என் முதல் ஜோடி மாட்டைப் பற்றி இந்தத் தொடரில் முன்பு எழுதியதைப் படித்துவிட்டு நிபோங் திபாலிலிருந்து ஓர் அன்பர் கடிதம் போட்டிருக்கிறார். “உங்கள் காலத்தில் பினாங்கில் ஓட்டுப் போட்டார்களாமே, மெய்தானா? நம்பவே முடியவில்லை” என்று கேட்டிருக்கிறார்.

மெய்தான். இப்போது முனிசிபல் சபையில் யார் உட்கார்வது என்பதை மேலிடத்தில் முடிவு செய்கிறார்கள். அப்போது அப்படி இல்லை. சில நாற்காலிகளுக்கு மட்டும், வரி கட்டுகிற ஆம்பிளைகள் டவுன்ஹாலுக்குப் போய் ஓட்டுப் போட்டு ஆளைத் தேர்ந்தெடுக்கலாம். பிறகு சட்டத்தை மாற்றி அதை எடுத்துவிட்டார்கள். எடுத்தபோது பெரிதாக யாரும் அழவும் இல்லை.

காரணம், அந்த ஓட்டை யாரும் மதித்ததில்லை. ஒரு வட்டாரத்தில் இருபது பேர் வந்தால் அதிகம். வழக்கமாக நிற்கிறவரே நிற்பார், வழக்கமாகப் போடுகிறவர்களே போடுவார்கள். எங்கள் வட்டாரத்தில் கல்லுமலைக்குச் சொந்தக்காரரான சீன முதலாளி, தவுக்கேதான் எப்போதும். பாதி ரோட்டுக்குக் கல் அவர் மலையிலிருந்துதான் போனது. அந்தக் கல்லை ஏற்றிப் போன வண்டிகள் என்னுடையவை.

இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் கையெழுத்துப் போடப் போனது யாரை எதிர்த்து என்பது அப்போதுதான் விளங்கும்.

கிணற்றுத் தண்ணீர்

டத்தோ கிராமாட் பக்கம் வண்டிக்காரக் கம்பம் என்று ஒரு குடியிருப்பு இருந்தது. அத்தாப்பு ஓலைக் கூரை போட்ட நாற்பது வீடு. என் வண்டிக்காரர்கள் எல்லாரும் அங்கேதான் குடியிருந்தார்கள். கம்பத்து முனையில் என் கல் வீடு, பக்கத்தில் மாட்டுக் கொட்டில். நாற்பது வீட்டுக்கும் ஒரே கிணறு. பட்டணத்து வீதிகளில் குழாய் வந்து எத்தனையோ காலமாகியும் எங்கள் கம்பத்துக்கு வரவில்லை.

அந்த வருஷம் மழைக்குப் பிறகு பேதி வந்தது.

முதலில் ஒரு கிழவர். பிறகு இரண்டு குழந்தைகள். அடுத்து என் தலை வண்டிக்காரன் முனியாண்டியின் மனைவி அஞ்சலை. காலையில் கஞ்சி காய்ச்சி வைத்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்தவள். பொழுது சாயும்போது கண் உள்ளே போய், விரல் நுனியெல்லாம் தண்ணீரில் ஊறியதுபோல் சுருங்கிக் கிடந்தாள்.

கனி நானாவை நான்தான் ஓடிப்போய்க் கூட்டிவந்தேன். அவர் அரசாங்க ஆஸ்பத்திரியில் மருந்து கட்டுகிற டிரெஸ்ஸராக இருந்துவிட்டு, சூலியா தெருவில் சொந்தமாக மருந்துக்கடை வைத்திருந்தவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நாகப்பட்டினத்துப் பக்கத்து மனிதர். முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுவதுபோல் தெருவே நானா என்று கூப்பிட்டதால் நானும் அப்படியே கூப்பிட்டேன்.

அவர் அஞ்சலையின் கையைப் பிடித்துப் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து அந்தக் கையை மெதுவாகப் பாய்மேல் வைத்தார். பிறகு எழுந்து கிணற்றடிக்குப் போய், வாளியில் தண்ணீர் இறைத்து முகர்ந்து பார்த்தார்.

“வேலு, இதை யாரும் காய்ச்சாம குடிக்கக் கூடாது.”

“நாற்பது வீட்டுக்கும் விறகுக்கு எங்கே போவாங்க நானா?”

அந்த ஒரு மாதத்தில் கம்பத்திலிருந்து ஒன்பது பேரைத் தூக்கிப் போனோம். குழாய் கேட்டு அவர் இங்கிலீஷில் மூன்று விண்ணப்பம் எழுதினார். “கவனிக்கப்படும்” என்று ஒரே ஒரு பதில் வந்தது.

அந்தப் பதிலை அவர் எனக்கு வாசித்துக் காட்டியபோது ஆத்திரத்தில் நான் சொன்னேன்: “வெளியில நின்னு எழுதினா கவனிக்கத்தான் செய்வாங்க. நீங்க உள்ளே போய் உட்காருங்க நானா. உங்களுக்குத்தான் இங்கிலீஷ் வருதே. தேர்தல்ல நில்லுங்க. நான் கையெழுத்துப் போடுறேன்.”

சொன்னது நான். அவர் வாயிலிருந்து வந்த யோசனை அல்ல அது. ஒரு வாரம் தயங்கினார். பிறகு ஒப்புக்கொண்டார்.

கிராணி வந்தார்

காகிதம் கொடுக்க வேண்டிய நாளுக்கு முதல் நாள் மாலை, தவுக்கேயின் கணக்குப்பிள்ளை சின்னையா கிராணி ரிக்‌ஷாவில் என் கொட்டிலுக்கு வந்து இறங்கினார். வெள்ளைக் கோட்டு, காதில் கடுக்கன். நம்மவர்தான்.

மாடுகளுக்குப் புண்ணாக்குக் கரைத்துக்கொண்டிருந்தேன். அவர் நேராகப் போய் என் மயிலைக் காளையின் திமிலைத் தடவிக்கொடுத்தார்.

“நாளைக்கு எங்கே போறே, வேலாயுதம்?”

“டவுன்ஹாலுக்கு.”

“என்ன சோலி?”

“உங்களுக்குத் தெரியாததா கிராணியாரே.”

அவர் சிரித்தார். காளையின் முன்னங்காலைக் குனிந்து பார்த்தார்.

“நல்ல மாடு. தினம் மலை ஏறி இறங்குற மாடு. இதைச் சும்மா கட்டிப்போட்டா காலு வீங்கிடும்லா. பன்னிரண்டு ஜோடியும் சும்மா நின்னா நீ என்ன செய்வே?”

நான் புண்ணாக்கைக் கரைத்துக்கொண்டே இருந்தேன்.

“உன்னைப் போகாதேன்னு நான் சொல்லலை. நல்லா யோசிச்சுக்கோன்னு சொல்றேன். மருந்துக்கடைக்காரர் தோத்தாலும் மருந்து விப்பாரு. நீ?”

ரிக்‌ஷா போன பிறகும் அந்த ‘நீ?’ கொட்டிலிலேயே நின்றது. என்னை நம்பி இருந்தது பன்னிரண்டு வண்டிக்காரர் குடும்பம், என் வீட்டோடு சேர்த்துப் பதின்மூன்று.

சாலையைக் கடந்தது

மறுபடியும் அங்சானா மரத்தடிக்கு வருகிறேன்.

கோட்டைப் பக்கத்து மணிக்கூண்டின் முள் எனக்குத் தெரியவில்லை. ஆனால் மரத்தின் நிழல் அடிமரத்தைச் சுற்றி ஒடுங்கிவிட்டதைப் பார்த்தேன். இன்னும் கொஞ்ச நேரம் நின்றால் போதும், எல்லாம் தானாக முடிந்துவிடும். யாரும் என்னைக் குறை சொல்ல முடியாதபடி ஒரு காரணம் சொல்லிக்கொள்ளலாம். காய்ச்சல் என்றோ மாடு படுத்துவிட்டது என்றோ.

எந்தக் காரணத்தைச் சொன்னால் நம்புவார்கள் என்று ஒவ்வொன்றாக மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன். அப்போதுதான் அந்தப் பொய்களை முனியாண்டியிடமும் சொல்லியாக வேண்டும் என்பது உறைத்தது. அஞ்சலையின் பாடையில் முன்பக்கத்துக் கழியைத் தூக்கியவன் நான். அவன் என் முகத்தைப் பார்த்து, “சரிண்ணே” என்று சொல்லிவிடுவான். அதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்க மாட்டான்.

அதை என்னால் தாங்க முடியாது என்று தோன்றியது. துணிச்சல் ஒன்றும் வந்துவிடவில்லை. ஒரு பயத்தை இன்னொரு பயம் தள்ளியது, அவ்வளவுதான்.

ஓடினேன். ஒரு குதிரை வண்டிக்காரன் மலாயில் திட்டினான். டவுன்ஹால் படியில் செருப்பு ஒன்று கழன்றது. அறைக்குள் நுழைந்தபோது கனி நானா மேஜைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். சுவரோரம் சின்னையா கிராணி. அதிகாரி கடிகாரத்தைக் கையில் எடுத்து வைத்திருந்தார்.

பேனாவை என் கையில் கொடுத்தார்கள். ‘வே’ என்று எழுதும்போதே வெளியே மணி அடிக்கத் தொடங்கிவிட்டது.

கிராணி ஓர் அடி முன்னால் வந்து இங்கிலீஷில் ஏதோ சொன்னார். நேரம் ஆகிவிட்டது என்கிறார் என்று எனக்கு விளங்கியது. அதிகாரி ஒரு விரலை உயர்த்தினார். எல்லாரும் மணியை எண்ணினோம். நான் ‘லா’ போட்டேன், ‘யு’ போட்டேன். மை காகிதத்தில் ஒரு சொட்டு விழுந்தது. கடைசி ‘ம்’மின் புள்ளியை வைத்தபோது மணி இன்னும் அடித்து முடியவில்லை.

அதிகாரி காகிதத்தை இழுத்து, மையை ஒற்றி எடுத்து, மற்றக் காகிதக் கட்டோடு வைத்தார்.

“என்ன வேலு, இவ்வளவு நேரம்?” என்று கனி நானா கேட்டார்.

“வண்டிக்குக் கடையாணி கழண்டு போச்சு நானா.”

“அப்படியா” என்றார். தன் கைக்குட்டையை எடுத்துக் கொடுத்தார். என் முகம் நனைந்திருந்தது.

காலி வண்டிகள்

மறுநாள் விடிந்து வெயில் ஏறுவதற்குள் பன்னிரண்டு வண்டியும் கம்பத்துக்குத் திரும்பி வந்தன. பாரமில்லாத வண்டியின் சத்தம் வேறு. தூரத்தில் கேட்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

“கல்லுமலை வாசல்ல விடமாட்டேங்கிறாங்கண்ணே,” என்றான் முனியாண்டி. “கிராணி உத்தரவாம்.”

ஓட்டு நாளுக்கு மூன்று வாரம் இருந்தது. படகுத்துறையில் சில்லறைச் சவாரி தேடினோம். அங்கே ஏற்கெனவே வண்டிகள் வரிசை கட்டி நின்றன. இரண்டாம் வாரம் கம்பத்தில் முணுமுணுப்புக் கிளம்பியது. ஒரு வண்டிக்காரர், வயதானவர், என் முகத்துக்கு நேரே கேட்டார்: “ஓட்டு இல்லாத எங்களுக்கு எதுக்கு மொதலாளி இந்தச் சண்டை?”

அவர் கேட்டது நியாயம்.

அன்று பகலே சூலியா தெருவுக்குப் போனேன். கனி நானா கண்ணாடிக் குவளையைக் கண்ணுக்கு நேரே தூக்கி மருந்து அளந்துகொண்டிருந்தார். கையெழுத்தைத் திரும்பப் பெற முடியுமா என்று கேட்கத்தான் போனேன். வாயைத் திறந்தபோது வேறு ஒன்று வந்தது.

“கடையாணி கழலலை நானா. நான் திடல்ல நின்னேன். பயந்துகிட்டு நின்னேன்.”

அவர் குவளையைக் கீழே வைக்கவில்லை.

“தெரியும். ஜன்னல் வழியா பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன்.”

“பின்னே ஏன் கூப்பிடலை?”

“கூப்பிட்டா வந்திருப்பே. அப்புறம் கல்லுமலை வாசல் மூடினதும், இவர் கூப்பிட்டுத்தானே வந்தோம்னு உனக்குத் தோணும். நீயா வரணும், இல்லைன்னா வரவே வேணாம்னு நினைச்சேன்.” மருந்தைப் புட்டியில் ஊற்றி மூடினார். “இப்பவும் விலகிக்கிறதுன்னா விலகிக்க. மரைக்காயர் வேறே வழி பார்ப்பார்.”

விலகிக்கொள்கிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை. அப்படியே வீட்டுக்கு வந்தேன்.

கொட்டில் வாசலில் முனியாண்டி உட்கார்ந்திருந்தான். நான் எங்கே போய் வந்தேன் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

“கையெழுத்தைப் பின்னால இழுத்துட்டீங்களாண்ணே?”

“இல்லை.”

“அது போதும்.” எழுந்து வேட்டியைத் தட்டினான். “எங்களுக்கு ஓட்டு இல்லை, சரி. வண்டி இருக்குல்ல? ஓட்டு இருக்கிறவங்களைக் கொண்டுபோய் இறக்க வண்டி வேணும்ல?”

கல் வண்டியில் ஓட்டு

பன்னிரண்டு வண்டியையும் கழுவினார்கள். பல வருஷத்துக் கல் தூசியைத் தேங்காய் நார் போட்டுத் தேய்த்தார்கள். வைக்கோல் பரப்பி, மேலே பாய் விரித்தார்கள். அந்த வேலையைச் செய்தபோது முணுமுணுத்த கிழவரும் சேர்ந்துகொண்டார்.

அந்தக் கடைசி வாரம் கனி நானாவும் நானும் வீடு வீடாக ஏறி இறங்கினோம். வரி கட்டுகிறவர்களின் பட்டியலில் நம்மவர்கள் கொஞ்சம், சீனர்கள் நிறைய, மலாய்க்காரர்களும், இந்திய முஸ்லிம் வழியில் இங்கேயே பிறந்த ஜாவிப் பெரானாக்கன்களும் இருந்தார்கள். “யார் வந்தாலும் ஒண்ணுதான்” என்றார்கள் பாதிப் பேர். “தவுக்கே கோவிச்சுக்குவார்” என்றார்கள் மீதிப் பேர்.

சவப்பெட்டி செய்கிற சீனக் கிழவர் ஒருவர் இருந்தார். அவர் பேரனுக்கு நானா வைத்தியம் பார்த்திருக்கிறார். கதையெல்லாம் கேட்டுவிட்டு மலாயில் சொன்னார்: “நல்ல தண்ணி வந்தா என் வியாபாரம் படுத்துடுமே.” நாங்கள் திகைத்து நின்றோம். அவர் இழைப்புளியைக் கீழே வைத்துவிட்டு, “எத்தனை மணிக்கு வண்டி வரும்?” என்றார்.

ஓட்டு நாள் காலையிலேயே தவுக்கேயின் குதிரை வண்டிகள் பளபளவென்று ஓடத் தொடங்கிவிட்டன. எங்கள் மாட்டு வண்டிகள் அவற்றுக்குப் பின்னால் ஆடி அசைந்து போயின. முதல் இரண்டு மணி நேரம் எங்கள் வண்டிகள் பாதிக்கு மேல் காலியாகவே வந்தன. டவுன்ஹால் வாசலில் கனி நானா கோட்டுப் பொத்தானைத் திருகியபடி நின்றார். அந்தப் பொத்தான் மதியத்துக்குள் அறுந்துவிட்டது.

பகல் ஒரு மணிக்கு மேல்தான் கடைக்காரர்கள் வரத் தொடங்கினார்கள். ஒரு வண்டியில் ஏழு பேர் வந்து இறங்கியதும் தெருவில் சிரிப்பு. “கல்லு வருது, கல்லு வருது!” என்று யாரோ கத்தினார்கள். அதைப் பார்க்க ஆள் கூடியது. பார்க்க வந்தவர்களில் ஓட்டு உள்ளவர்களும் இருந்தார்கள்.

மூன்று மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. எங்கள் வண்டிகளுக்குக் கூரை கிடையாது. நாலு மணிக்குக் கதவைச் சாத்திவிடுவார்கள். கடைசி வண்டி இன்னும் வரவில்லை. நான் மழையில் சாலை நடுவே நின்று பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. பிறகு வளைவில் என் மயிலைக் காளையின் கொம்பு தெரிந்தது. முனியாண்டி வண்டியில் ஏறாமல் மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொண்டு மாட்டோடு மாடாக ஓடிவந்தான். வண்டியில் ஆறு பேர், ஆளுக்கொரு குடை. நடுவில் சவப்பெட்டிக் கிழவர்.

கதவு சாத்த மூன்று நிமிஷம் இருக்கும்போது ஆறு பேரும் உள்ளே போனார்கள்.

எண்ணும்போது மேஜைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் சின்னையா கிராணி. அதிகாரி ஒவ்வொரு சீட்டாக எடுத்துப் பெயரை வாசித்தார். தவுக்கே, தவுக்கே, கனி, தவுக்கே. பாதிக்கு மேல் இரண்டு அடுக்கும் ஒரே உயரமாகத் தெரிந்தன. கிராணி உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். கடைசிச் சீட்டு வாசித்ததும் அதிகாரி இரண்டாம் முறை எண்ணினார். பிறகு தலை நிமிர்ந்து கனி நானாவைப் பார்த்துக் கையை நீட்டினார்.

ஐந்து ஓட்டு வித்தியாசம்.

வாசலில் தவுக்கே தன் வண்டியில் ஏறப்போனவர் என்னைப் பார்த்து நின்றார். “பத்து தா போலே ஜாலான் சென்டிரி” என்றார். மலாயில், கல் தானாக நடக்க முடியாது என்று அர்த்தம். “நாளைக்கு வண்டியை அனுப்பு.” வாசலை மூடியது அவர் உத்தரவா, கிராணி தானாகச் செய்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

கை தூக்கியது

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். முடியவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு மாலை கனி நானா தனியாக என் வீட்டுக்கு வந்தார். என் மனைவி தனம் கொடுத்த காப்பியை அவர் தொடவில்லை.

“வேலு, குழாய் போடச் சம்மதிச்சுட்டாங்க. வேலை சீக்கிரம் ஆரம்பிக்கும்.”

நான் எழுந்தே விட்டேன். அவர் உட்காரச் சொன்னார்.

“கிணத்தையும் வந்து பார்த்தாங்க. மூடிடணும்னு எழுதியிருக்காங்க. அதோட உன் கொட்டிலையும் எடுக்கணும். கொட்டிலுக்குப் பின்னாடி ஒரு சாக்கடை ஓடுதே, உன் ஆளுங்க ஒதுங்குற இடம். மழையில அது முழுக்க மண்ணுக்குள்ள இறங்கிக் கிணத்துக்குத்தான் போகுது.”

அந்தச் சாக்கடையை வெட்டியது நான். மாட்டு மூத்திரம் ஓடட்டும் என்று நானே மண்வெட்டி பிடித்து வெட்டியது.

“அப்படின்னா அஞ்சலை…”

“யாரும் தெரிஞ்சு செய்யலை.”

“உங்களுக்கு எப்போ தெரியும் நானா?”

“அன்னைக்கே சந்தேகம். உறுதியாத் தெரிஞ்சது இப்பத்தான்.” தரையைப் பார்த்தபடி சொன்னார். “நாளைக்குச் சபையில வருது. கொட்டிலை எடுக்கணும்ங்கிற பக்கம் நான் கை தூக்கப் போறேன். வேறே யாரோ சொல்லி நீ கேக்கக் கூடாதுன்னு வந்தேன்.”

பன்னிரண்டு ஜோடி மாட்டைக் கட்ட அந்தப் பட்டணத்தில் எனக்கு வேறு இடம் கிடையாது. அது அவருக்குத் தெரியும்.

“ஒரு நாள் போகாம இருந்துடுங்க நானா. தலைவலின்னு சொல்லுங்க. மத்தவங்க என்ன செய்றாங்களோ செய்யட்டும். என் கையெழுத்துல நின்னவர் நீங்க. உங்க கையாலயா?”

அவர் ஆறிப்போன காப்பியை ஓரமாக நகர்த்தினார்.

“போகாம நிக்கிறது எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியும், வேலு. என்னை அங்கே நிக்கச் சொல்லாதே.”

நான் வாசலைக் காட்டினேன். ஆமாம், காட்டினேன். என் வீட்டிலிருந்து அவரை அப்படி அனுப்பினேன். மறுநாள் அவர் கை தூக்கினார். பத்து நாளில் நோட்டீஸ் வந்தது.

கொட்டிலை ஆயர் ஈத்தாம் பக்கம் கொண்டுபோனேன். கல்லுமலைக்குப் போய்வர இரண்டு மடங்கு தூரம். நான்கு வண்டியை விற்க வேண்டி வந்தது. கம்பத்தில் குழாய் திறந்த அன்று நான் போகவில்லை. தனம் மட்டும் குடத்தோடு போய்வந்தாள். சூலியா தெரு வழியாகப் போக வேண்டியிருந்தால் சுற்றிக்கொண்டு பினாங்குத் தெரு வழியாகப் போவேன். எட்டு மாதம்.

மழைக்குப் பிறகு

அடுத்த மழை வந்தது. பட்டணத்தில் பேதி என்ற பேச்சும் வந்தது. துறைமுகப் பக்கம் இரண்டு பேர், பாசார் பக்கம் மூன்று பேர் என்று சேதி வரும். நான் தினம் காலையில் வண்டி பூட்டும்போது ஒவ்வொரு வண்டிக்காரன் முகமாகப் பார்ப்பேன். வந்துவிட்டானா, வீட்டில் எல்லாரும் சுகமா என்று வாய்விட்டுக் கேட்கப் பயம்.

மழை ஓய்ந்து வெயில் அடிக்கத் தொடங்கிய ஒரு நாள், முனியாண்டி நுகத்தடியில் பூட்டாங்கயிற்றை மாட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னான்: “இந்த வருஷம் பேதியில நம்ம கம்பத்துல யாரும் போகலைண்ணே.”

அவன் வண்டியை ஓட்டிக்கொண்டு போய்விட்டான். நான் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு சூலியா தெருவுக்கு நடந்தேன்.

கடையில் நாலைந்து பேர் காத்திருந்தார்கள். நானும் பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். என் முறை வந்தது. கனி நானாவின் மீசையில் நரை கூடியிருந்தது. என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“என்ன செய்யுது?”

“வயித்து வலி.”

“எத்தனை நாளா?”

“எட்டு மாசமா.”

அவர் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. “நாக்கை நீட்டு” என்றார். நீட்டினேன். விளக்கைக் கிட்டக் கொண்டுவந்து, உண்மை நோயாளியைப் பார்ப்பதுபோல் நிதானமாகப் பார்த்தார். கண் இமையை இழுத்துப் பார்த்தார். மணிக்கட்டைப் பிடித்தார். பிடித்த கையை வெகுநேரம் விடவில்லை. பின்னால் நின்றவர்கள் பொறுமை இழந்து இருமினார்கள்.

பிறகு உள்ளே போய் ஒரு சின்னக் குவளையில் எதையோ ஊற்றிக்கொண்டு வந்து நீட்டினார்.

“இது என்ன நானா?”

“ஓமத் தண்ணி. உனக்கு ஒண்ணும் இல்லை. குடி.”

அங்கேயே நின்று குடித்தேன்.